கொடியில்லாக் கப்பல்

அந்த அம்மாள் நாணயத்தைக் குழந்தையின் காலுறை ஒன்றுக்குள் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்ததுமே பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாணயக் கண்காட்சிக்கு வருகிற எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். நாற்பது வருடமாக நாணயம் சேர்க்கிறவர். சேகரிப்போர் சங்கத்தின் தலைவர். முந்நூறு மேசை போட்டிருந்த அந்தக் கூடத்தில் அவர் ஒன்றைப் போலி என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அன்று காலையிலேயே இரண்டு பேரை அழவைக்காத குறையாக அனுப்பியிருந்தார். ஒரு தபால்காரர் தகர டப்பா நிறையக் கொண்டுவந்ததைக் கிளறிப் பார்த்து, இதையெல்லாம் உருக்கினால் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் செய்யலாம் என்றார். கிளறிய கையோடு ஒன்றை மட்டும், மாதிரிக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டார். இன்னொருவர் நாணயத்தின் முகத்தில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு நீட்டினார். கைநாட்டு வைக்க இது பத்திர ஆபீஸா என்று கேட்டார் பூதக்கண்ணாடி. விளிம்பில் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் சேகரிக்கக் கிளம்பிவிட்டான் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சத்தமாகவே சொன்னார்.

அம்மாள் காலுறையைப் பிரித்தாள். நாணயத்தை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து எடுத்து, மேசைமேல் விரித்திருந்த துணியில் வைத்தாள். வெள்ளி நாணயம். ஒரு பக்கம் பாய்மரக் கப்பல். கப்பலின் உச்சியில் கொடி இல்லை.

பூதக்கண்ணாடி சட்டென்று குனிந்தார். அச்சு வெட்டியவர் கொடியை மறந்துபோன வருடத்து நாணயம் அது. தவறு தெரிந்ததும் அத்தனையையும் உருக்கிவிட்டார்கள். தப்பியவை உலகத்திலேயே ஏழோ எட்டோதான். பத்தொன்பது வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தார், தராசில் வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அசல்.

இது யாருடையது என்று அலுப்பான குரலில் விசாரித்தார். கணவர் வாங்கியது, அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் கரண்டிவரைக்கும் பங்கு பிரித்தாகிவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி என்றாள். கடைசி வார்த்தைகள் மட்டும்தான் அவர் காதில் விழுந்தன. விற்றுத் தலைமுழுக வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

“போலிம்மா. கப்பல்னா உச்சியில கொடி இருக்கணும். இதுல இருக்கா பாருங்க. செஞ்சவனுக்கு அதுகூடத் தெரியல.”

அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம், கொடியைக் காணோம் என்றாள். அவருக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, இளக்காரம்தான் வந்தது. இந்த மாதிரிப் பொருளெல்லாம் இந்த மாதிரி ஆட்கள் வீட்டில் ஏன்தான் போய் உட்காருகிறதோ என்று நினைத்துக்கொண்டார். சங்கத்துக்கு வருகிற பிள்ளைகளுக்குப் போலி எப்படி இருக்கும் என்று காட்டலாம், வைத்துவிட்டுப் போங்கள், பஸ் செலவைக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“போலின்னு எழுதிக் கொடுப்பீங்களா சார்? நான் சொன்னா வீட்டுல நம்ப மாட்டாங்க.”

பழம் நழுவிப் பாலில் விழுந்ததாகவே அவர் நினைத்தார். எழுத்தில் கொடுத்துவிட்டால் இவள் வேறு மேசைக்குப் போக மாட்டாள். நாளைக்கு ஏமாற்றிவிட்டீர்கள் என்று சண்டைக்கு வரவும் முடியாது. சங்கத்தின் பெயர் அச்சடித்த தாளை எடுத்தார். வருடம், எடை, கொடியில்லாத கப்பல் எல்லாவற்றையும் விவரமாக எழுதி, இது போலி, சல்லிக்காசு பெறாது என்று முடித்தார். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். பக்கத்து மேசைக்காரரைச் சாட்சிக்குக் கையெழுத்துப் போடச் சொன்னது அவருடைய சொந்த யோசனை.

அம்மாள் தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு அதை மடித்துத் தோள்பைக்குள் வைத்து, நாணயத்தையும் எடுத்து உள்ளே வைத்தாள்.

“அதைக் கொடுத்துட்டுப் போங்கம்மா,” என்றார். குரல் அவரை அறியாமலே கெஞ்சியது. “எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, தர்றேன்.”

“சல்லிக்காசு பெறாததுக்கு எதுக்கு சார் பணம்? எனக்கு இந்தக் கடுதாசி போதும். இந்தக் காசுலயும் பாதி வேணும்னு எங்க கொழுந்தன் ஒத்தக்கால்ல நிக்கிறார். நீங்க சொன்னாத்தான் நம்புவேன்னு அவர்தான் என்னை இங்க கூட்டிட்டு வந்தார். ரெண்டு டிக்கெட் எதுக்குன்னு வெளியிலயே நின்னுட்டார்.”

பூதக்கண்ணாடியின் முகத்தில் ஈயாடவில்லை. அவசரத்தில் தப்பாகப் பார்த்திருக்கலாம், இன்னொரு தரம் பார்த்துச் சொல்கிறேன் என்று இழுத்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாள் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு எழுந்தாள்.

“வேண்டாம் சார். அசலைக் காட்டினாத்தான் நீங்க போலின்னு சொல்லுவீங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்கார்.”