சாலியிடம் இருந்த தட்டு

சாலியின் பழைய சாமான் கடைக்குள் வயலின் அழுதுகொண்டிருந்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த றம்ஸீனுக்கும் கண் கலங்கியது. எல்லாம் வயிற்றெரிச்சல்தான்.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த றக்வானையில் இவர்கள் இரண்டு பேருக்குத்தான் இந்தப் பைத்தியம். துரைமார் பங்களாக்களில் விட்டுப்போன இசைத்தட்டுகளைத் தேடி அலைவார்கள். அதிலும் இங்கிலாந்துக்காரர்களே மறந்துபோன இசையமைப்பாளர்களின் தட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"இது யாரு போட்ட இசை, நானா?" சாலியை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவான் றம்ஸீன்.

"யாருக்குத் தெரியும்? பங்களா ஸ்டோர்ல கெடந்தது. உறையயும் லேபலயும் கறையான் திண்டு முடிச்சிட்டு."

றம்ஸீன் போனை நீட்டிப் பிடித்துப் பார்த்தான். எந்த இசையையும் கண்டுபிடித்துச் சொல்லும் செயலியும் கையை விரித்துவிட்டது. அப்படியென்றால் உலகத்திலேயே இது ஒன்றுதானா?

நெஞ்சு பற்றி எரிந்தது. இந்த மனுசனின் மெஷினைப் பாருங்கள்! பெல்ட் அறுந்து, சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருக்கிறார். தட்டு பென்ஷன்காரர் நடக்கிற மாதிரி சுற்றுகிறது. இவருக்குப் போய் இப்படியொரு அதிர்ஷ்டமா?

"குடுங்க நானா. என்ன வேணும், சொல்லுங்க."

"உங்கட பென்ரோஸ்." சாலி யோசிக்கவே இல்லை.

ஹார்வி பென்ரோஸின் அந்த வயலின் தட்டு றம்ஸீனுக்கு உயிர். எஹலியகொடையில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தது. சாலி மூன்று வருடமாகக் கெஞ்சியும் ஒரு தரம்கூடப் போட்டுக் காட்டவில்லை. இன்னொருவர் காதில் விழுந்தாலே பாதி போய்விடும் என்று நினைப்பான்.

ஆனால் இந்த அழுகையை நாளைக்கும் சாலி கேட்பார். நாளை மறுநாளும் கேட்பார். அதை நினைத்தபோது இருக்க முடியவில்லை. றம்ஸீன் வீட்டுக்கு ஓடினான்.

அவன் தட்டை எடுத்துப் பையில் வைப்பதை மனைவி றிஸ்மியா பார்த்துவிட்டாள்.

"அதயா குடுக்கப் போறீங்க? விடிஞ்சா அத, பொழுதுபட்டா அத. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்."

"சாலி நானாட தட்டக் கேட்டா இதெல்லாம் மறந்துருவ."

"ஹரி ஹரி, சரி குடுங்க. நாளைக்கு மூஞ்சத் தூக்கிட்டு இருக்க வேணாம்."

கடையில் சாலி பென்ரோஸை இரண்டு கையாலும் வாங்கி, சட்டையில் துடைத்து, உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினார். அவர் முகத்திலிருந்த சந்தோஷம்கூட றம்ஸீனுக்குப் பொறுக்கவில்லை. தன் பங்கைத் தூக்கிக்கொண்டு, பின்னால் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயத்தில் வேகமாக நடந்தான்.

வீட்டு மெஷின் போன வருடம்தான் கொழும்பில் புதிதாக வாங்கியது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினான். தட்டைத் துடைத்து வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி ஊசியை இறக்கினான்.

தட்டு விறுவிறுவென்று சுற்றியது. வயலின் அழவில்லை, துள்ளிக் குதித்தது. றம்ஸீன் குனிந்து, லேபல் இருந்த இடத்தை உற்றுப் பார்த்தான்.

சமைத்துக்கொண்டிருந்த றிஸ்மியா குசினிக்குள்ளிருந்து கேட்டாள்:

"ஏன், சாலி நானா மாத்தித் தரல்லயா?"