நல்லா கேட்குது சார்

எங்க பேட்ச்ல அவளுக்கு நாங்க வச்ச பேரு "தெரியலை".

பொது மருத்துவ வார்டுல நாங்க ஆறு பயிற்சி டாக்டருங்க. சீஃப் டாக்டர் எதைக் கேட்டாலும் அஞ்சு பேரும் தெரிஞ்ச மாதிரியே எதையாவது அடிச்சு விடுவோம். இவ மட்டும் கொஞ்சம் யோசிச்சுட்டு, "தெரியலை சார்"ம்பா. சீஃப் தலையில அடிச்சுக்குவார்.

போன வாரம் கறாராச் சொல்லிட்டார். இன்னொரு தடவை அந்த வார்த்தை வந்தா பயிற்சி நோட்டுல கையெழுத்துக் கிடையாது, இன்னும் ஒரு மாசம் இதே வார்டுதான். அப்படித் தள்ளிப்போனா இந்த வருஷப் பட்டமளிப்புல அவ பேர் வராது. அவங்க அப்பாவோ தெரு முழுக்கச் சொல்லிட்டு, அன்னைக்குப் போட்டுக்கப் புதுச் செருப்புகூட வாங்கி வச்சுட்டார்.

இன்னைக்குக் கடைசி நாள். ஆறு நோட்டையும் கையில வாங்கிக்கிட்டு, சீஃப் எங்களை நேரா ஏழாம் நம்பர் கட்டிலுக்குக் கூட்டிட்டுப் போனார்.

அங்கே ஒரு கண்டக்டரம்மா. பஸ்ல முப்பது வருஷம் விசில் ஊதி ரிட்டயர் ஆனவங்க. காய்ச்சல்னு நேத்துச் சாயங்காலம்தான் சேர்ந்திருந்தாங்க. அவங்க எக்ஸ்ரே, ஈசிஜி எதையும் சீஃப் எங்க கண்ணுல காட்டலை. ஒவ்வொருத்தரா இதயத்தைக் கேட்டுட்டுச் சொல்லுங்கன்னார்.

முதல் ஆள் இடது பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வச்சான். நார்மல்னான். அடுத்தவளும் நார்மல்னா. மூணாவது நான். உண்மையைச் சொல்லணும்னா, எனக்குக் கேட்டது மேலே கடகடன்னு ஓடின ஃபேன் சத்தம்தான். ஆனா ரெண்டு பேருக்குக் கேட்டது எனக்கு மட்டும் கேட்கலைன்னா மானம் போயிடாதா?

"நல்லா கேட்குது சார்"னு ஒரு போடு போட்டேன். எனக்குப் பின்னால வந்த ரெண்டு பேரும் அதையே சொன்னாங்க.

கண்டக்டரம்மா எங்க முகத்தை ஒவ்வொண்ணாப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க.

கடைசியா அவ. வச்சா, எடுத்தா, காதுல மாட்டினதைச் சரிபண்ணிட்டு மறுபடி வச்சா. சீஃப் பேனாவால நோட்டைத் தட்ட ஆரம்பிச்சார். நார்மல்னு சொல்லித் தொலையேன்டின்னு நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

அவ நிமிர்ந்து சீஃபைப் பார்த்தா.

"எனக்கு இங்க சரியா கேட்கலை சார். ஏன்னு தெரியலை."

போச்சு. நான் தலையைக் குனிஞ்சுட்டேன்.

"அந்தப் பக்கமும் வச்சுப் பார்க்கட்டுமாம்மா?"னு கண்டக்டரம்மாகிட்ட கேட்டுட்டு, ஸ்டெதஸ்கோப்பை வலது பக்கம் நகர்த்தினா. கொஞ்ச நேரத்துல அவ முகம் அப்படியே மலர்ந்துபோச்சு.

"இங்க இருக்கு சார்."

ஆமா, கண்டக்டரம்மாவுக்குப் பிறவியிலேயே இதயம் வலது பக்கம். எங்கேயோ ஒருத்தருக்கு அப்படி அமையுமாம். எங்களைச் சோதிக்கத்தான் சீஃப் அவங்க சம்மதத்தோட எல்லாத்தையும் மறைச்சு வச்சிருக்கார்.

அவ நோட்டுல அங்கேயே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிட்டு எங்க பக்கம் திரும்பினார். பிடிச்சார் பாருங்க ஒரு பிடி. தெரியலைன்னு சொல்ற டாக்டர்கிட்டகூட நோயாளி பிழைச்சுக்குவார், கேட்காததைக் கேட்டேன்னு சொல்றவன்கிட்ட பிழைக்க மாட்டார்ன்னார். அஞ்சு பேருக்கும் இன்னொரு மாசம்ன்னார். அதோட விட்டாரா?

"என் இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பொய்யை நான் கேட்டதே இல்லை."

"கேட்டிருக்க மாட்டீங்க தம்பி"ன்னு கண்டக்டரம்மா எழுந்து உட்கார்ந்தாங்க. "சொன்னவராச்சே நீங்க. டிக்கெட் கொடுத்தவளுக்கு முகம் மறக்காது. நான் மஞ்சக்காமாலைன்னு இதே வார்டுல படுத்திருந்தப்ப நீங்களும் இவங்களை மாதிரி சின்னப் பையன். இதே இடது பக்கம் வச்சுட்டு உங்க வாத்தியார்கிட்ட, 'நல்லா கேட்குது சார்'னு சொன்னீங்களே, மறந்துபோச்சா?"

வார்டே சிரிச்சுது. சீஃப் தொண்டையைச் செருமினார். அஞ்சு பேரும் போய் வலது பக்கம் வச்சுக் கேட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டு, மூடின பேனாவை மறுபடி திறந்தார்.