மாயன் விட்ட வால்

டியூப்லைட்டுக்கு அடியில் குடியிருந்த பூங்காவனத்தின் மேல் மாயன் என்ற பல்லிக்கு அப்படி ஒரு காதல். அங்கே விழும் பூச்சிகளின் மேலும்தான், அதை மட்டும் வெளியே சொல்லமாட்டான். போட்டிக்குக் குண்டன் என்ற இன்னொரு பல்லி வந்து நின்றதும், "பூங்காவனம், உனக்காக உயிரையே விடுவேன்" என்று பாய்ந்தான். குண்டன் ஒரு கவ்வு கவ்வினான். மாயன் உயிரையெல்லாம் விடவில்லை, வாலை விட்டுவிட்டு ஓடினான்.

மூலையில் ஒண்டிக்கொண்டு முனகினான். "பாத்தியா புள்ள, உனக்காக என்னையே அறுத்துக் குடுத்துட்டேன்."

பூங்காவனம் கீழே துடித்துக்கொண்டிருந்த வாலைப் பார்த்தாள். "அப்ப இது எனக்குத்தானே?"

"உனக்கேதான்."

இறங்கிப்போய்ப் பாதியைத் தின்றாள். மீதியைக் குண்டன் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, அடுத்த வால் எப்ப முளைக்கும்னு அவர்கிட்ட கேளுங்க."