உதட்டுக் கோடுகள்

மௌனத்தின் விலை பதினெட்டாயிரம், வரி தனி. அது தேர்வுக் கட்டணம். நாளைக் காலை கணினி சர்வர் நிர்வாகிக்கான சான்றிதழ்த் தேர்வு, வீட்டிலிருந்தே எழுத வேண்டும். கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். உதடு அசைந்தால் யாரிடமோ விடை கேட்பதாக எண்ணி ஒருமுறை எச்சரிப்பார், மறுமுறை தேர்வையே மூடிவிடுவார். சான்றிதழ் இல்லையென்றால் அடுத்த மாதம் வேலையும் இல்லை. பன்னிரண்டு வருடமாக முணுமுணுத்தே சர்வர்களை மேய்த்தவன், இப்போது கீழுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு மாதிரித் தேர்வு எழுதுகிறான். எதிரே மனைவி, உதடு அசையும்போதெல்லாம் ஒரு கோடு போடத் தாளும் பென்சிலுமாக. ஜன்னல் வெயில் கணினித் திரையில் விழுகிறது. அவன் கண்ணைச் சுருக்குகிறான். தரவுகளை நகலெடுத்து வைக்கும் பேக்கப் பற்றிய கேள்வி வருகிறது. பல் நழுவுகிறது.

"உதடு" என்று கோடு போடுகிறாள் மனைவி.

"மூச்சுதாம்மா விட்டேன்."

"உங்க மூச்சு பாஸ்வேர்டெல்லாம் சொல்லுதே."

"கொஞ்சம் பாத்துப் போடேன்."

"நாளைக்குக் கேமராக்காரர்கிட்டயும் பேரம் பேசுவீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மவுஸை நகர்த்தி அடுத்த கேள்விக்குப் போகிறான். நேரம் முடிந்ததென்று கணினி மணியடிக்கிறது. அறுபது கேள்வியில் ஐம்பத்து மூன்று சரி. தேறுவதற்கு நாற்பத்தைந்தே போதும். தாளில் ஒன்பது கோடுகள். நாளை கேமராக்காரர் தரும் தள்ளுபடி ஒரு கோடுதான், அதிகப்படி எட்டு.