முதல் விமானப் பயணம்

“ஏர்போர்ட்டுன்னா இவ்ளோதானா? நம்ம பக்கத்துக் கல்யாண மண்டபம் இதவிடப் பெருசா இருக்குமே!”

புதுச்சேரி விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதுமே சக்கரபாணி உரக்கச் சொன்னார். பெயர் எழுதிய அட்டையோடு நின்றிருந்த டிரைவர் சக்திவேலுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை.

சக்கரபாணியும் மனைவி தமிழ்செல்வியும் ஹைதராபாத்திலிருந்து வந்திருந்தார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானம்.

அவர்கள் மகன் இனியன், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் சக்திவேல் குடியிருக்கும் வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தவன். நேற்றுக் காலை அவன் கதவைத் திறக்கவில்லை. வீட்டுக்காரரும் சக்திவேலும்தான் உடைத்துத் திறந்தார்கள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

சக்கரபாணி ஓயாமல் பேசினார்.

விமானத்தின் இறக்கையில் காத்தாடி சுற்றியதாம். பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி படியில் இறங்கி, வெயிலில் நடந்தே வந்தார்களாம். பெட்டி வரும் பெல்ட் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டதாம்.

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

“பையனுக்குக் காமாலை கொஞ்சம் எறங்கட்டும் செல்வி. திரும்பறப்ப அவனையும் பிளேன்லயே இட்டுகினு போயிடலாம்.”

தமிழ்செல்வி தலையாட்டினாள்.

அவர் கழிவறைக்குப் போனதும் அவள் சக்திவேலின் அருகில் வந்தாள்.

“தம்பி, வீட்டுக்காரரு போன்ல எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. இவருகிட்டதான் காமாலைன்னு சொல்லி வச்சிருக்கேன். நெஞ்சுல ஆபரேஷன் பண்ண ஒடம்பு. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் வாயத் தொறந்துடாதீங்க.”

சக்திவேல் தலையாட்டினான். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. புருஷன் வருவது தெரிந்ததும் முகத்தை மட்டும் முந்தானையால் ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

திண்டிவனம் போயிற்று, செஞ்சி போயிற்று. சக்கரபாணியின் பேச்சு நிற்கவில்லை. மேலே இருந்து பார்த்தால் மேகம் பஞ்சு மாதிரி இல்லையாம், புகை மாதிரி இருந்ததாம். அவள் ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தாள்.

இந்த மனுஷனிடம் எப்படித்தான் சொல்லப் போகிறார்களோ என்று சக்திவேல் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே ஓட்டினான்.

கீழ்பென்னாத்தூரில் டீக்கு நிறுத்தச் சொன்னார். அவள் வேண்டாம் என்று காரிலேயே இருந்துவிட்டாள்.

டீயை வாங்கிய சக்கரபாணி குடிக்கவில்லை. சக்திவேலின் முழங்கையைப் பிடித்துக் கடைக்குப் பின்பக்கம் கூட்டிப் போனார். கிளாஸ் சாய்ந்து டீ அவர் கையில் வழிந்தது. அவருக்கு அது சுட்டதாகவே தெரியவில்லை.

“நேத்து மத்தியானம் பையன் போனுக்குப் போட்டேன் தம்பி. போலீஸ்காரரு எடுத்தாரு. விஷயத்தச் சொல்லிட்டாரு.”

காரைத் திரும்பிப் பார்த்தார்.

“பாவம், அவளுக்குத் தெரியாது. காமாலைன்னு நம்பிக்கினு வரா. ஊர் போற வரைக்கும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா.”

சக்திவேல் அவளுக்குத் தலையாட்டியதைப் போலவே அவருக்கும் தலையாட்டினான்.

அவர் போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

“செல்வி, அதோ பாரு மலை!”

அவள் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள். “ஆமாங்க, நல்லாத் தெரியுது” என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

சக்திவேல் வண்டியை எடுத்தான். மலை நெருங்க நெருங்க, தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனான்.