பன்னிரண்டு கேள்வி

“அடுத்த வாரம் எந்தெந்த நாள் உங்களுக்கு வேலைன்னு இப்பவே தெரியுமா?”

கணக்கெடுக்க வந்த பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“தெரியாம என்ன? திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும். எழுதிக்கோம்மா.”

பதில் சொன்னது பையன் அல்ல, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அவனுடைய அப்பா.

“ஐயா, அவரேதான் சொல்லணும். இளைஞர்களோட வேலை எவ்வளவு உறுதியா இருக்குன்னு அளந்து பார்க்கிற கணக்கெடுப்பு இது. மொத்தம் பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க். ஒண்ணுன்னா கவலையே இல்லை. அஞ்சுன்னா வேலை நூல்ல தொங்குதுன்னு அர்த்தம்.”

“அப்ப எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போயிட்டே இரு. என் பையன் நிரந்தரம்! ஏசி ரூம்ல உத்தியோகம்!”

பையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து போனைத் திருப்புவதும் கவிழ்ப்பதுமாக இருந்தான். ஏசி ரூம் ஆசாமிக்குக் கழுத்து மட்டும் ஏன் அப்படிக் கறுத்துக் கிடக்கிறது என்று அந்தப் பெண்ணும் கேட்கவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. பெற்ற கண்ணுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

“தெரியும். ஒண்ணு போடுங்க” என்றான்.

“உடம்பு சரியில்லைன்னு பயப்படாம லீவு கேட்க முடியுமா?”

“முடியும்.”

“மேலதிகாரிகிட்ட எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியுமா?”

“ஓ, தாராளமா.”

பேனா நின்றது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “உண்மையைச் சொன்னாத்தான் கணக்கு சரியா வரும்.”

“என் பையன் பொய் சொல்றான்கிறியா?” அப்பாவுக்குச் சுருக்கென்றது. “முப்பத்தோரு வருஷம் கிடங்குல மூட்டை தூக்கினவன்மா நான். இனிமே தூக்கினா படுத்த படுக்கைதான்னு டாக்டர் சொல்லியும் கேட்கலை. இவன் வந்து ‘அப்பா, நிரந்தரம் பண்ணிட்டாங்க’ன்னு சொன்ன அன்னிக்குத்தான் நின்னேன். மேஸ்திரி இன்னமும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான். ‘போய்யா, என் பையன் நிமிர்ந்துட்டான்’னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால்கூட வலிக்கும் அவருக்கு.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். வாய் தவறி ஓர் ‘அஞ்சு’ விழுந்தால் போதும். நாளைக் காலையில் அந்த முதுகில் மறுபடி மூட்டை ஏறிவிடும். அந்தப் பயம்தான் அவனை அப்படி நெளிய வைத்தது.

அந்தப் பெண் அடுத்த ஐந்து கேள்விகளையும் மளமளவென்று கேட்டு முடித்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

“ஒன்பதாவது...”

“முன்னறிவிப்பு இல்லாம நிறுத்த மாட்டாங்க. ஒண்ணு.”

“நான் இன்னும் கேட்கவே இல்லையே!” என்று முறைத்தாள்.

அப்பா தொடையில் தட்டினார். “பார்த்தியா? கேட்கறதுக்கு முன்னாடியே பதில்! சும்மாவா ஏசி ரூம்ல உட்கார வச்சிருக்காங்க? அது சரி, உன்னுதும் நிரந்தர வேலைதானேம்மா?”

“இதான் ஐயா கடைசிக் கேள்வி” என்றாள் அவசரமாக, பத்தையும் பதினொன்றையும் அவளே நிரப்பிவிட்டு. “ஒரு ஆபத்துன்னா கூட வேலை செய்யறவங்க கை கொடுப்பாங்களா?”

“கொடுப்பாங்க” என்றான். அந்த ஒரு பதிலுக்கு மட்டும் அவன் நெளியவில்லை.

“பன்னிரண்டு கேள்விக்கும் சேர்த்து வெறும் பன்னிரண்டு மார்க். இதைவிட உறுதியான வேலை இந்தத் தெருவுலேயே கிடையாது ஐயா.”

“நான்தான் அப்பவே சொன்னேனே!” அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அவள் போன பிறகுதான் பார்த்தார்கள், தண்ணீர் பாட்டிலை நாற்காலிக்கடியில் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

“நான் கொடுத்துடறேன்பா. அப்படியே ஒரு வேலையா வெளியில போயிட்டு வரேன்” என்று பையன் தோள்பையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

தெருமுனை தாண்டி ஒரு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள் அவள். பாட்டிலை வாங்கிக்கொண்டு, வேறொரு புதுப் படிவத்தை நீட்டினாள்.

அவன் அதைச் சுவரில் வைத்தான். ஒரு கேள்வியையும் படிக்கவில்லை. அஞ்சு, அஞ்சு, அஞ்சு என்று வரிசையாகப் பதினோரு அஞ்சு போட்டான். பன்னிரண்டாவதுக்கு மட்டும் ஒன்று.

“ஐம்பத்தாறு” என்று கூட்டிப் பார்த்தாள். “இன்னிக்கு எடுத்ததுலேயே இதுதான் அதிகம்.”

“அப்பா காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே கிடங்குல போய் நிப்பார்.”

“என் வாயிலேருந்து வராது.”

அவன் அப்போதுதான் மூச்சு விட்டான். தோள்பையைத் திறந்தான். உள்ளே அவள் கையிலிருந்த அதே படிவக் கட்டு, அதே ஆபீஸ் முத்திரை.

“அவங்கவங்க தெருவை அவங்கவங்களே எடுக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல விதி வச்சதுல என் தெரு உனக்கு வந்தது நல்லதாப் போச்சு. வேற எவனாவது வந்திருந்தா நான் செத்தேன்” என்றான். “சரி, மூணு மணிக்கு உங்க தெருவுக்கு வரேன். முதல் வீடு உன் வீடுதான்.”

“எங்க அம்மா பக்கத்துலேயே வந்து உட்காருவாங்க” என்றாள் அவள். “நான் நிரந்தரம்னு சொல்லும்போது சிரிச்சுத் தொலைக்காதே.”