மூணாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு

“மூணாம் பக்கத்துலயே முடிவு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு இருநூறு பக்கம்?”

செழியன் மைக்கில் கேட்டதும் கூட்டத்தில் சிரிப்பு.

போடியில் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டம். பேச்சு, வித்யா எழுதிய முதல் நாவலைப் பற்றி. ‘போடிமெட்டில் பத்து நாள்’.

முன்வரிசையில் வித்யா தலையைக் குனிந்துகொண்டாள். மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரெண்டு வருஷம் எழுதியது.

செழியன் கல்லூரியில் தமிழ் நடத்துபவர். விடுவதாயில்லை.

“லீவுக்குச் சென்னையிலேருந்து வர்றான் கதாநாயகன். கொண்டை ஊசி வளைவுல ஜீப்பு நிக்குது. உடனே மழை. உடனே கதாநாயகி குடையோட வர்றா. வந்ததும் சண்டை. அப்பவே நான் கல்யாணத்துக்குத் துணி எடுத்துட்டேன்!”

மறுபடியும் சிரிப்பு.

“அவங்க சந்திக்கிறப்பெல்லாம் மழை. ஏழு தடவை எண்ணினேன். கதை நடக்கிறது ஏப்ரல் மாசம். அதுல அவ ஏலக்காய் வேற எடுக்கிறா. ஏப்ரல்ல எந்தத் தோட்டத்துலம்மா காய் எடுக்கிறாங்க?”

வித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“நானும் ஒண்ணு சொல்லலாமா சார்? பேரு தமிழ்செல்வி. ராசிங்காபுரம். ஏலத்தோட்டத்துல வேலை.”

“சொல்லுங்கம்மா.”

“நீங்க சொன்னது அம்புட்டும் நெசம். ஏப்ரல்ல செடியில காயே இருக்காது. எனக்கும் மூணாம் பக்கத்துலயே முடிவு தெரிஞ்சுபோச்சு.”

‘இவளுமா?’ என்பது போல் வித்யா திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கு நாப்பத்தாறு வயசு சார். நாலு வருசம் முன்னாடிதான் சாயங்கால வகுப்புல எழுத்துப் படிச்சேன். எத்தனையோ புஸ்தகம் எடுத்துப் பாத்தேன். ஒரு பக்கம் தாண்டல. ஏதாச்சும் ஒரு வார்த்தை மடக்கும். அதோட கதையும் விட்டுப்போகும். மூடி வச்சிருவேன்.”

செழியன் மைக்கைக் கீழே இறக்கினார்.

“இந்தப் புள்ள எழுதுனதுல வார்த்தை மடக்குனாலும் கதை மடக்கல. அடுத்து மழைதான்னு தெரியுமே! ‘ம’ன்னு பாத்ததும் மிச்ச எழுத்து தானா வந்துருச்சு. போகப்போக வெரசாப் படிச்சேன். மத்தியானச் சோத்து நேரத்துல தோட்டத்துப் பொம்பளைகளுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுனேன். இருநூறு பக்கம் சார். ஒரு எழுத்து விடல!”

தலையை நிமிர்த்தி நின்றாள் தமிழ்செல்வி. முதலில் கை தட்டியவர் செழியன்தான்.

வித்யா ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்களுக்காகவே அடுத்ததையும் இப்படியே எழுதுறேன்.”

“வேணாந் தாயி. சார் சொல்றபடியே எழுது. இனிமே முடிவு தெரியாத கதையவும் நான் படிச்சிருவேன்!”